உம்மாச்சியிடம் கேட்ட கேள்வி

ஆடி 2, வியாழன்

சிகாமணி, நீ சொன்னபடியே எழுத ஆரம்பிச்சுட்டேன்டா. பட்டாள வண்டியில ஏறும்போது, "வீட்டுல நடக்கறத ஒண்ணு விடாம எழுதி வைம்மா, வந்து உக்காந்து படிக்கிறேன்"னு சொன்னியே. உன்னோட பழைய கணக்கு நோட்டுல பின்பக்கம் காலியா இருந்துச்சு, அதுலதான் எழுதறேன்.

இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, ஒரு ஆடு கோயிலுக்குள்ள வந்து அம்மனுக்குக் கட்டி வெச்சிருந்த மாலையில பாதியத் தின்னுடுச்சு. நான் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வெரட்டறேன், உங்கப்பா குறுக்க வந்து நின்னுக்கிட்டு, "விடு தையலு, அதுக்கும் பசிக்கும்ல"ங்கறாரு. பூசாரியாம் பூசாரி. மிச்சப் பாதி மாலையோட நின்ன அம்மனைப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

இந்தக் கசோராத் தீவுக்கு நம்ம ஆளுங்க கரும்பு வெட்ட வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. இப்பதான் நம்ம பிள்ளைங்க கையில துப்பாக்கி குடுக்கற அளவுக்கு நமக்கு மரியாத வந்திருக்கு. நாசமாப் போக.

ஆடி 5, ஞாயிறு

போன் வந்துச்சு. உன் குரலக் கேட்டேன். நீ "நல்லா இருக்கேன்மா"ன்ன. அத நீ சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு நீ எப்படி இருக்கேன்னு. நான் பெத்தவடா.

உங்கப்பா போன வாங்கிக் காதுல வெச்சுக்கிட்டு "ம்... ம்..."னு மட்டும் சொன்னாரு. லைன் கட்டானப்புறமும் கொஞ்ச நேரம் "ம்"னுக்கிட்டே நின்னாரு. அப்புறம் எங்கிட்ட, "குரல் நல்லா தெளிவா இருக்கு, சளி இல்ல"ன்னாரு. நீ இருக்கற வடக்குக் கரையில குண்டு விழுதாம், இந்த மனுஷன் சளியப் பாக்கறாரு.

ஆடி 7, செவ்வாய்

கேப்டன் லுசாந்து வந்தான். தொரையோட கூடவே திரியற கேப்டன்தான். ஷூவோட உள்ள வந்துட்டு, நான் மொறைச்சதும் வெளிய போய்க் கழட்டிட்டு வந்தான். அந்த மட்டும் நல்ல பிள்ள.

அவன் சொன்ன சேதி இதுதான். கடலுக்கு அக்கரையிலேர்ந்து நம்மளோட சண்ட போடறவங்க சமாதானம் பேசலாம்னு ஆள் அனுப்பியிருக்காங்களாம். மந்திரிங்க எல்லாம் சரிங்கறாங்களாம். ஆனா இந்தத் தீவ ஆளற ஜெனரல் பெல்மாரோ, அதான் நம்ம தொரை, "அம்மாவைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்"னுட்டாராம். ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நம்ம கோயிலுக்கு வந்து பூக்கட்டிப் பாக்கப் போறாராம்.

பூக்கட்டிப் பாக்கறது உனக்குத் தெரியாததா. ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒரு பொட்டலத்துல செவப்பு. கண்ண மூடி மனசுல நெனச்சுக்கிட்டு எடுக்கறது. வெள்ளைன்னா "சரி", செவப்புன்னா "வேணாம்". பொண்ணு பாக்கறதுக்கும் மாடு வாங்கறதுக்கும் நம்ம ஜனங்க கேக்கற கேள்விடா அது. அதுல நீ வீடு திரும்பறதா இல்லையான்னு தொங்குது.

போன வருஷமும் இப்படித்தான் வந்தாரு. அப்ப, "சண்டைக்குப் போகட்டுமா?"ன்னு வாய் விட்டே கேட்டாரு. வெள்ளை வந்துச்சு. மறுநாளே ரேடியோவுல, "தாய் உத்தரவு குடுத்துட்டா"ன்னு சொல்லிட்டாரு. அன்னியிலேர்ந்து உங்கப்பா ராத்திரி சரியாத் தூங்கறதில்ல. அம்மனுக்கு முன்னாடி நிக்கும்போது முகத்த நேராப் பாக்கறதில்ல, பாதத்தத்தான் பாக்கறாரு.

ஆடி 10, வெள்ளி

ஆடி வெள்ளி, கூழ் ஊத்தினோம். முன்னெல்லாம் மூணு அண்டா போதாது. இந்த வருஷம் ஒரு அண்டா ஊத்தி அதுவே மீதி.

செண்பகவல்லி அக்கா வந்துச்சு. அவங்க மகன் சண்டையில செத்ததுக்கு அப்புறம் இப்பதான் முதல் தடவ. வாசல்ல நின்னுச்சு, உள்ள வரல. உங்கப்பா தட்ட எடுத்துக்கிட்டு அங்கயே போய்க் குங்குமத்த நீட்டினாரு. அது தட்டப் பாத்துச்சு, அவரப் பாத்துச்சு. "உங்க அம்மன் குடுத்த வெள்ளப் பூவுலதானேய்யா எம் பிள்ள போனான்"னு கேட்டுச்சு. சண்ட போடற மாதிரி இல்லடா, சும்மா வெல கேக்கற மாதிரி மெதுவா. கேட்டுட்டுப் போயிடுச்சு. உங்கப்பா நீட்டின கையோட அப்படியே நின்னாரு. நான்தான் தட்ட வாங்கி உள்ள வெச்சேன்.

சாயங்காலம் ரேடியோவுல தொரை பேசினாரு. போன மாசம் அவரு மேடையில குண்டு வெடிச்சதே, அதப் பத்தித்தான். அவரு மேல ஒரு கீறல் கூட இல்லையாம். "கடவுள் என்னை எதுக்கோ வெச்சிருக்காரு, அந்த வேலை முடியறவரைக்கும் எனக்குச் சாவில்ல"ன்னாரு. ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல மெழுகுவத்தி, வெள்ளிக்கெழம பள்ளிவாசலுக்கு எண்ணெய், நம்ம அம்மனுக்குப் பட்டு. ஒரு சாமியையும் விடறதில்ல. எல்லாச் சாமியும் சேந்து இவரத்தான் காப்பாத்துதாம். அவர் பக்கத்துல நின்னு செத்தானே டிரைவர், அவனப் பெத்தவளும் எந்தச் சாமியையாவது கும்பிட்டிருப்பாதானே? அவ கும்பிட்ட சாமி அன்னிக்கு லீவா?

பொய்யா நடிக்கறாருன்னா எனக்குப் பயமே இல்லடா. நடிக்கறவனுக்கு ஒரு நேரம் அலுத்துப்போகும். இந்த ஆளு நெசமாவே நம்பறாரு.

ஆடி 12, ஞாயிறு

போன் வரல.

ஆடி 13, திங்கள்

இன்னிக்கும் வரல. துணி தோச்சேன். உன் நீலச் சட்டையையும் எடுத்துத் தோச்சுட்டேன், அது அழுக்கே இல்ல.

உங்கப்பாவுக்கு எண்ணெய் தேச்சுவிடறப்போ மெதுவாக் கேட்டேன். "ஏங்க, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சா என்ன?"

தலையத் திருப்பி என்னப் பாத்தாரு. "அம்மாவுக்கு முன்னாடியா?"

"உங்க பிள்ளைக்காகங்க."

"எனக்குத் தெரியாதா தையலு?"ன்னாரு. அப்புறம், "ஒருவேள அவளே வெள்ளையக் குடுப்பா"ன்னாரு.

"ஒருவேள செவப்பக் குடுத்தா?"

எங்கையப் பிடிச்சுத் தன் தலமேலயே அழுத்தி வெச்சுக்கிட்டாரு. அழறாரோன்னு குனிஞ்சு பாத்தேன். கண்ணுல எண்ணெய் போயிடுச்சுன்னாரு. நான்தான்டா எண்ணெய் தேச்சேன், கண்ணுல போகல.

சும்மாதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

ஆடி 15, புதன்

கேப்டன் மறுபடி வந்தான். எத்தன காவல், யார் எங்க நிக்கணும்னு பாத்துட்டுப் போனான். மோர் குடுத்தேன், குடிச்சான். "தம்பி, தொரை எங்கேர்ந்து இந்தப் பழக்கத்தக் கத்துக்கிட்டாரு?"ன்னு கேட்டேன்.

சின்ன வயசுல தொரைய வளர்த்தது நம்ம ஊரு ஆயாவாம், செங்கமலம்னு பேரு. பெத்தவ சீக்கிரம் போயிட்டா. ஜொரம் வந்தா ஆயா இந்த அம்மனுக்குத்தான் வேண்டிக்குவாளாம், எதுக்கெடுத்தாலும் பூக்கட்டிப் பாப்பாளாம். இவருக்கு ஆறு ஏழு வயசுலயே அவளும் செத்துட்டா.

அதான்டா அவரு தமிழ் அப்படி இருக்கு. போன வருஷம் கேட்டப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சாமியச் சாமின்னு சொல்ல மாட்டாரு, "உம்மாச்சி"ங்கறாரு. அம்பது வயசுக்கு மேல ஆச்சு, மீசை நரைச்சுப்போச்சு, நெஞ்சு பூரா மெடலு, வாயத் தொறந்தா பால்வாடிக் கொழந்த. "உம்மாச்சி பாத்துக்கும்", "கேக்காட்டி உம்மாச்சி கண்ணக் குத்தும்." ஆயா அதுவரைக்கும்தான் சொல்லிக்குடுத்தா. மீதியச் சொல்லிக்குடுக்கறதுக்குள்ள போய்ச்சேந்துட்டா.

பாவம்னு தோணிச்சு. தோணின மறு நிமிஷமே எனக்கு எம்மேலயே கோவம் வந்துடுச்சு.

ஆடி 17, வெள்ளி

நாளைக்கு வர்றாரு. கோயில் பூராக் கழுவிவிட்டேன். உங்கப்பா விளக்கெல்லாம் தேச்சாரு.

பொட்டலம் எப்பவும் நான்தானே கட்டுவேன். வாழையெல நறுக்கி வெச்சுட்டேன், நாரு கிழிச்சு வெச்சுட்டேன். பூ பறிக்கக் கொல்லைக்குப் போனேன். வெள்ளரளி நல்லாப் பூத்திருக்கு, அதுல பறிச்சேன். செவப்பரளிச் செடிப் பக்கம் ஒரே எறும்பு. அந்தப் பக்கம் போக முடியல.

இதுல எழுத வேற ஒண்ணும் இல்ல. நீ படிச்சா உங்கப்பாகிட்ட எறும்பப் பத்திச் சொல்ல வேணாம்.

ஆடி 18, சனி

எல்லாத்தையும் எழுதறேன். இப்ப எழுதலன்னா எப்பவும் எழுத மாட்டேன்.

காலையில வந்தாரு. காவக்காரங்களையெல்லாம் வெளிய நிறுத்திட்டு, கேப்டன மட்டும் கூட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. ஷூவ அவரே குனிஞ்சு கழட்டினாரு. தொப்பியக் கழட்டினாரு. ஜேபியிலேர்ந்து ஒரு காயிதப் பொட்டலத்த எடுத்து அம்மன் காலடியில வெச்சாரு. கல்கண்டு. "ஆயா கல்கண்டு குடுக்கும். உம்மாச்சிக்குப் புடிக்கும்"னாரு. அப்புறம் சம்மணம் போட்டு உக்காந்து, கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. உனக்கு ஊசி போடறப்ப மூடிப்பியே, அப்படி.

பொட்டலத்த எடுக்க ஒரு கொழந்தையக் கூப்பிடறது வழக்கம்னு உங்கப்பா சொன்னாரு. "வேணாம். நான்தான் உம்மாச்சி கொழந்த. நானே எடுக்கறேன்"னாரு தொரை.

என்ன கேட்டாருன்னு தெரியல. இந்தத் தடவ வாய் விட்டுக் கேக்கல, மனசுக்குள்ளயே கேட்டாரு. ஒதடு மட்டும் அசைஞ்சுச்சு. கையத் தடவித் தடவி ஒரு பொட்டலத்த எடுத்தாரு. நாரப் பல்லால கடிச்சு அவிழ்த்தாரு.

வெள்ளை.

"உம்மாச்சி சரின்னுச்சு!"ன்னு ஒரு கத்து கத்தினாரு பாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எனக்கும் அடக்க முடியலடா. தூணப் பிடிச்சுக்கிட்டேன். "ரொம்ப நல்லதுங்க தொரை, இனி எல்லாப் பிள்ளைங்களும் வீடு வந்து சேந்துடும்"னு வாய் தன்னாலச் சொல்லிடுச்சு.

அவரு என்னப் புரியாமப் பாத்தாரு. "வீட்டுக்கா? ஏன் வீட்டுக்கு வரணும்? 'நான் இன்னும் சண்ட போடட்டுமா'ன்னு கேட்டேன். உம்மாச்சி போடுன்னுச்சு."

கேப்டன் மொகம் வெளுத்துப்போச்சு. அவனும் வேற விதமாத்தான் நெனச்சுக்கிட்டிருந்திருக்கான்.

எனக்கு அந்த நேரத்துல பயம் கியம் ஒண்ணும் வரல. ரெண்டாவது பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது, ஓடற தண்ணியில விடணும்னுதானே முறை. முறையாவது ஒண்ணாவது. எடுத்துப் பிச்சு அவரு முன்னாடி நீட்டினேன். "பாருங்க தொரை. இதுலயும் வெள்ளைதான். ரெண்டுலயும் வெள்ளை. அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. இதக் கட்டினது..."

நான் முடிக்கல. உங்கப்பா என்னப் பின்னால தள்ளிட்டு முன்னால வந்து நின்னுட்டாரு. "நான்தாங்க கட்டினேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் ரெண்டுலயும் வெள்ளைய வெச்சேன்."

உங்கப்பாடா! யாராவது அரிசி கைமாத்து கேட்டு வந்தா, இல்லன்னு சொல்லுங்கன்னு நான் சொல்லி அனுப்பினா, வாசல்ல போய், "இருக்கு, ஆனா குடுக்கக் கூடாதுன்னு சொல்றா"ன்னு சொல்ற மனுஷன். அம்மனுக்கு நேரா நின்னு, நல்ல வெளிச்சத்துல, எனக்காகப் பொய் சொன்னாரு. கொரல் கூட நடுங்கல.

கேப்டன் கை இடுப்புக்குப் போச்சு. தொரை கைய ஒசத்தி அவன நிறுத்தினாரு. ஒரு கையில ஒரு பூ, இன்னொரு கையில ஒரு பூவ வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. கோவச் சிரிப்புன்னா நான் தாங்கியிருப்பேன். சந்தோஷமாச் சிரிச்சாரு.

"ரெண்டும் வெள்ள! போன தடவ ஒண்ணுதான். இந்தத் தடவ ரெண்டும்! இல்லன்னு சொல்ல உம்மாச்சிக்கு மனசே வரல."

"இல்லீங்க தொரை, நான் செஞ்சது பொய்யி"ன்னாரு உங்கப்பா.

"நீ கட்டின. ஒன் கைய யாரு கட்ட வெச்சது? பொய் சொன்னா உம்மாச்சி கண்ணக் குத்தும். ஒன் கண்ணு நல்லா இருக்கே. அப்ப அது பொய் இல்ல." சொல்லிட்டு உங்கப்பா கை ரெண்டையும் எடுத்துத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

என்ன சொல்லி இந்த ஆளுகிட்டேர்ந்து அந்த நம்பிக்கையப் பிடுங்கறது? உண்மையச் சொன்னாலும் அவரு சாமிக்கே சாட்சியாப் போயிடுது.

"என்ன வேணும், கேளு"ன்னாரு. நான் அப்படியே கால்ல விழுந்துட்டேன். "எம் பிள்ள சிகாமணி வடக்குக் கரையில இருக்கான் தொரை. ஒத்தப் பிள்ள. அவன வீட்டுக்கு அனுப்பிடுங்க, வேற ஒண்ணும் வேணாம்."

"உம்மாச்சி வீட்டுப் பிள்ளையா?"ன்னு கண்ண அகல விரிச்சாரு. கேப்டனப் பாத்து அவங்க பாஷையில என்னமோ சொன்னாரு, அவன் உன் பேரக் குறிச்சுக்கிட்டான். அப்புறம் எங்கிட்ட குனிஞ்சு, எனக்கு வெளங்கணும்னு மெதுவாச் சொன்னாரு. "அவன ஒண்ணும் பண்ணாது. உம்மாச்சி பாத்துக்கும். அவன் முன்னாடி போகட்டும், எல்லாரும் அவன் பின்னாடி போகட்டும். கொடிய அவன் கையில குடுக்கச் சொல்லிட்டேன்."

"வேணாங்க! வேணாம் தொரை!"ன்னு கத்தினேன். எந்தலையத் தடவிக் குடுத்தாரு. "அழாத ஆயா"ன்னாரு. ஷூவப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

நடையச் சாத்திட்டு உங்கப்பாவும் நானும் படியிலயே உக்காந்திருந்தோம். அப்பதான் சொன்னாரு, "காலையில கூட்டினப்பவே பாத்தேன். குப்பையில செவப்பு எதழே இல்ல தையலு."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"ம்."

எனக்கு அழுகையா வந்துச்சு. அவரு துண்டால மொகத்தத் தொடச்சுவிட்டாரு, அதுல கற்பூர வாசன. அம்மன் மேல வருத்தமான்னு கேட்டேன். "அவ என்ன பண்ணுவா?"ன்னாரு. "வேணாம்னு சொல்லலாம்னு நெனச்சிருப்பா. சொல்றதுக்கு ஒரு செவப்புப் பூ இல்ல. நாமதான் அவ வாயப் பொத்திட்டோம்."

"நாம"ன்னாருடா. "நீ"ன்னு சொல்லல.

நான் ஒரு பிள்ளைய வளர்த்தவ, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எந்தக் கொழந்த வந்து, "போதுமாம்மா, நிறுத்திக்கட்டுமா"ன்னு கேக்கும்? "இன்னும் கொஞ்சம்மா"ன்னுதானே கேக்கும்.

ஆடி 19, ஞாயிறு

போன் வந்துச்சு. கேப்டன்கிட்டேர்ந்து எதாவது நல்ல சேதியா இருக்கும்னு ஓடிப்போய் எடுத்தேன். நீதான்.

சத்தமாப் பேசின. பக்கத்துல பசங்க கத்தறதும் சிரிக்கறதும் கேட்டுச்சு. "அம்மா, எங்கையில கொடியக் குடுத்திருக்காங்கம்மா! தொரையே பேர் சொல்லிச் சொன்னாராம். எல்லாரும் என்னையே பாக்கறாங்க"ன்ன. அப்புறம் கொரலத் தாழ்த்தி, நீ சின்னப் பிள்ளையில இருட்டப் பாத்துப் பேசற மாதிரி, "ஏம்மா, அம்மன்கிட்ட நீ என்னம்மா வேண்டிக்கிட்ட?"ன்னு கேட்ட.

உங்கப்பா பக்கத்துல நின்னு போன வாங்கக் கைய நீட்டினாரு. நான் குடுக்கல.

"சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டேன்.

"சாப்பிட்டேன்மா. இன்னிக்கு எல்லாருக்கும் ஆட்டுக்கறிச் சோறு போட்டாங்க, வேணுங்கற மட்டும்"னு சொன்ன. என்ன விசேஷம்னு நான் கேக்கல.